ஐந்து வாட் அடைக்கலம்

2022 இலையுதிர் காலத்தில் எங்கள் மின்சார நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யூனிட்டுக்கு 31 செண்ட் கொடுத்துக்கொண்டிருந்தோம். புத்தாண்டிலிருந்து 42 செண்ட் என்று அதில் இருந்தது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஜெர்மனியில் பல வீடுகளுக்கும் அப்படிக் கடிதங்கள் வந்தன. எங்கள் தபால் பெட்டிக்கு வந்தது என்பதைத் தவிர அதில் விசேஷம் இல்லை. அன்று இரவே, சுவர்ப் பிளக்கில் செருகி மின்சாரம் அளக்கும் சிறு கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, இன்டர்நெட் ரவுட்டர் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் நடைவழி அலமாரிக்கு வந்தேன். அங்கேதான் என் சர்வர் இருந்தது.

சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். 2014-ல் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மேசைக் கணினி அது. நான்கு ஹார்ட் டிஸ்க், மூன்று விசிறி. நாங்கள் படங்களைப் போட்டு வைத்திருந்த நிறுவனம் இலவச இடத்தை நிறுத்தியபோது, மாதச் சந்தா கட்டுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். முதலில் என்னுடையது, பிறகு மனைவி, மகளுடையது. அப்புறம் தஞ்சாவூரில் அம்மா, அவர் இருக்கும் தங்கை வீடு, சென்னையில் தம்பி. ஏழு பேரின் கைபேசிகள் இரவு நேரங்களில் என் நடைவழி அலமாரியைத் தேடி வந்து அன்றைய படங்களை இறக்கி வைத்துவிட்டுப் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஊரில் வீடு கட்டாத மூத்த மகன் குடும்பத்துக்கு ஒரு பத்தாயமாவது கட்டித் தந்தான் என்கிற மாதிரியான பெருமை.

கருவி காட்டிய எண் 68 வாட். நிற்காமல் ஓடும் ஒரு பொருளுக்கு இந்தக் கணக்கு சுலபம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம்; ஆகவே ஒரு வாட் ஆண்டு முழுவதும் எரிந்தால் 8.76 யூனிட். 68 வாட்டுக்கு ஏறத்தாழ 596 யூனிட். 42 செண்ட் விலையில் 250 யூரோ. நான் மிச்சப்படுத்தியதாக நினைத்த சந்தாவை விட அதிகமான பணத்தை, விசிறி சுற்றுவதற்காகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் என் புராஜெக்ட் முடிந்தது. ஆலோசகர்களுக்கு இது வழக்கம்தான். அடுத்தது வரும் என்று காத்திருப்போம். இந்த முறை வரவில்லை. வீட்டுக் கடனும் மகளின் பள்ளிச் சுற்றுலாவும் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன் மேற்படிப்புக்காக ஸ்டுட்கார்ட் வந்தவன், முதுகலைப் பட்டமும் நல்ல சம்பளமும் வாங்கியவன் என்ற படம் ஒன்று அங்கே சுவரில் மாட்டியிருக்கிறது. அதை நானே எதற்குக் கோணலாக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

வேலையில்லாதவனுக்கு நேரம் இருக்கிறது. பிப்ரவரி முழுவதும் அந்த 68-ஐக் குறைப்பதுதான் என் தொழில். ராஸ்பெரி பை அப்போது கிடைப்பது அரிது. கிடைத்தால் விலை ஏறியிருந்தது. ஆனால் குத்தகைக் காலம் முடிந்து அலுவலகங்களிலிருந்து வெளியே வரும் சின்னச் சின்ன இயந்திரங்களை இங்கே ஏராளமாக விற்கிறார்கள். வங்கி கவுன்டரிலும் மருத்துவமனை வரவேற்பிலும் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வகை. அப்படியொரு ஃபுஜிட்சு ஃபியூட்ரோ எஸ்740 எனக்கு 38 யூரோவுக்குக் கிடைத்தது. இன்டெல் செலரான் ஜே4105 செயலி. விசிறி கிடையாது; உலோகத் தகடு ஒன்றே சூட்டை வாங்கிக்கொள்ளும். நினைவகத்துக்கு 15 யூரோ, ஒரு டெராபைட் எஸ்எஸ்டிக்கு 52. மொத்தம் 105. காப்புப் பிரதிக்கு, மேசை இழுப்பறையில் சும்மா கிடந்த இரண்டு கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று யூஎஸ்பி கம்பியில் தொங்கி இரவில் மட்டும் விழித்துச் சுழலும். இன்னொன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். தீ பிடித்தாலும் திருடன் வந்தாலும் ஒரு பிரதி மிஞ்ச வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

லினக்ஸ் போட்டு, பவர்டாப் என்ற சிறு நிரலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். தேவையில்லாத போர்ட்டுகளை அணைத்தேன். வேலையில்லாத நேரத்தில் செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறதா, யார் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள் என்று தேடினேன். கடைசியில் கருவி 5 வாட் காட்டியது. ஆண்டுக்கு 18 யூரோ. போட்ட முதல் ஐந்தரை மாதத்தில் திரும்பிவிடும். அந்த எண்ணைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, பெரிய புராஜெக்டுகளைக் கட்டி முடித்தபோதும் எனக்குக் கிடைத்ததில்லை. மனைவி அலமாரியைத் திறந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, “ஓடுதா, நின்னுபோச்சா?” என்றாள்.

அந்தக் கேள்வியை நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். பழைய இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். இரைச்சல் மாறினால் நடைவழியில் போகும்போதே தெரிந்துவிடும். புதியதற்கு வாய் கிடையாது. ஜூலை மாதத்தில் எப்போதோ யாரோ அலமாரியில் துடைப்பத்தை வைத்தபோது யூஎஸ்பி கம்பி அசைந்து டிஸ்க் கழன்றுவிட்டது. இரவுதோறும் ஓடும் காப்பு நிரல், டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோப்புறையைப் பார்த்தது. அதுவும் ஓர் இடம்தானே என்று அதற்குள்ளேயே எழுதத் தொடங்கியது. அதாவது, மூலம் இருக்கும் அதே எஸ்எஸ்டியில் அதன் பிரதியும். பிறருக்கு இதே தவறைச் செய்யக் கூடாது என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுப்பவன் நான். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டில் ஓர் இரவு, இடம் 96 விழுக்காடு நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. யார் இவ்வளவு இடம் தின்றது என்று பார்ப்பதற்காக உள்ளே போனேன்.

கோப்புறைகளை அளவு வாரியாக அடுக்கச் சொன்னால், திரையில் பெயர்கள் வரிசையாக விழும். காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்னாலேயே என் கண் தங்கையின் பெயரில் நின்றுவிட்டது. அவள் பங்கில் நூற்றுக்கணக்கான ஒலிக் கோப்புகள். அவளுடைய கைபேசி எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது. வாங்கிய நாளில் யாரோ அழுத்திய பொத்தானாக இருக்கும், அவளுக்கே தெரியாது. அந்தக் கோப்புறையையும் சேர்த்து அனுப்பும்படி அமைத்தவன் நான்தான். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் யாருடன் பேசினாள், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது இருந்தது. அண்ணன். அண்ணி. கேஸ் ஏஜென்சி. தம்பி. தம்பி. எலும்பு டாக்டர். தம்பி.

எலும்பு டாக்டர் யாருக்கு?

கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று சோதிக்கவே ஒன்றைத் திறந்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதிக்க வேறு வழி இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஜூன் 19 தேதியிட்ட ‘தம்பி’யைத் திறந்தேன். நாலு நிமிடம் சொச்சம். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. தங்கை அழுதுகொண்டே சொல்கிறாள்: “அண்ணன்கிட்ட சொல்லிடாதடா. அதுக்கே இப்ப வேலை இல்லையாம், அண்ணி சொன்னாங்க. சொன்னா கடன வாங்கியாவது டிக்கெட்டப் போட்டு வந்து நிக்கும்.”

ஆறு வாரம் வீடியோவில் வராமல், கேமரா கெட்டுப்போச்சு என்று குரலில் மட்டும் அம்மா பேசியது ஞாபகம் வந்தது. நானும் வீடியோ இல்லாததை நல்லதாகவே நினைத்திருந்தேன். பகல் பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் முகத்தை மறைக்க வேண்டியிருக்கவில்லை அல்லவா.

கடல் கடந்து வாழ்கிற யாருக்கும் இதில் புதுமை இருக்காது. நமக்குச் சொல்லப்படாத செய்திகளின் பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த பிறகே தெரிந்துகொள்வோம். சாவு விழுந்த பிறகே ‘கொஞ்ச நாளாவே முடியாமத்தான் இருந்தாங்க’ என்பார்கள். நாமும் இங்கிருந்து அதே பட்டியலை வேறு தலைப்பில் வைத்திருக்கிறோம். எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று. பட்டியல் அவர்கள் கையில் இல்லை, என் வீட்டு அலமாரியில் இருந்தது. அதைத் திறக்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. திறந்ததற்கு அடையாளமும் மிஞ்சாது. பதிவேட்டில் ஏதாவது வரி விழுந்திருந்தால் அதையும் அழிக்க என்னால் முடியும். நிர்வாகி என்றால் அதுதான் பொருள்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ இரண்டாம் புத்தகத்தில் கைஜீஸ் என்ற இடையனின் கதை வருகிறது. ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருகினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அப்படியொரு மோதிரம் கிடைத்தால் நல்லவனும் கெட்டவனும் ஒன்றுபோலத்தான் நடப்பார்கள் என்று அங்கே கிளௌகான் வாதிடுகிறான். நம் கதைகளில் மோதிரத்துக்குப் பதிலாக மை வரும். படித்த காலத்தில் இந்தக் கதையின் ஒரு பகுதி எனக்கு எப்போதும் உறுத்தும்: கைஜீஸ் அரண்மனைக்குப் போய் அரசனைக் கொல்கிறான். மறைந்து திரிய முடிந்தவன் அவ்வளவு தூரமா போவான்? முதலில் தன் வீட்டுக்குத்தானே போவான். தன்னைப் பற்றி அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றுதானே கேட்பான்.

அந்த நிறுவனத்திடமே படங்களை விட்டு வைத்திருந்தால் இது நடந்திருக்காது. ஏழு பேரும் ஏழு கணக்குகளாக, ஒருவருக்கொருவர் சுவரெழுப்பி இருந்திருப்போம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் வீட்டு சர்வர் வைத்திருக்கும் எங்கள் கூட்டத்தின் வேதவாக்கே, அந்நியனிடம் கொடுக்காதே, சொந்தக் கையில் வை என்பதுதான். அந்நியன் பார்க்கிறான் என்போம். உண்மைதான், பார்க்கிறான். எதை வாங்குவோம், எதற்குப் பயப்படுவோம் என்று நம்மை எடைபோட்டு விற்கிறான். அதை நான் இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தங்கை எதற்காக அழுதாள் என்பது அவனுக்கு ஒரு பொருட்டில்லை. கோடிக்கணக்கானவர்களில் ஒருத்தியாக அவளை எண்ணுகிறவன் அவன். அவளைத் தெரிந்தவன் நான். எண்ணப்படுவது ஒரு அவமானம். தெரிந்தவரால் ஒட்டுக்கேட்கப்படுவது வேறொரு அவமானம். முதலாவதிலிருந்து என் குடும்பத்தைக் காப்பாற்றப் போனவன், இரண்டாவதற்கு வாசலைத் திறந்து வைத்திருந்தேன்.

சட்டமும் இங்கே கைவிரித்துவிடுகிறது. நான் பிழைப்பதே ஓரளவுக்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையை வைத்துத்தான்; 2018 மே 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைத் தேவைக்கு மேல் ஒரு நாள் வைத்திருந்தாலும் கேள்வி கேட்கலாம் என்று நிறுவனங்களைப் பயமுறுத்துவது என் வேலை. அதே விதிமுறையின் இரண்டாவது உறுப்பில் ஒரு விலக்கு உண்டு. முழுக்க முழுக்கத் தனிப்பட்ட அல்லது வீட்டுக் காரியமாக ஒருவர் செய்வதற்கு இது பொருந்தாது. நியாயமான விலக்குதான், அம்மாவின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைக்க யாரும் படிவம் நிரப்பக் கூடாது. இந்த நாட்டில் 1983-ல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில், தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் எவ்வளவு போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமை தனிமனிதனுடையது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசைப் பார்த்துச் சொன்னது அது. பிறகு நிறுவனங்களைப் பார்த்தும் சொன்னார்கள். மூத்த அண்ணனைப் பார்த்து யாரும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

பதினொரு நாள் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் எனக்கு நானே வாதாடிய வழக்கைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு எலும்பு முறிந்தது எனக்குத் தெரிய வேண்டிய செய்தி. அதை மறைக்க அவர்களுக்கு என்ன உரிமை? எனக்கு உரியதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாலு நிமிடத்தில் செய்தி இருபது நொடிதான். மீதி எல்லாம் தங்கையின் மூச்சு, மூக்கைச் சிந்துவது, தன் கணவர் உதவிக்கு வரவில்லை என்று தம்பியிடம் முறையிடுவது, தம்பி ஒன்றும் சொல்லாமல் ‘ம்’ கொட்டுவது. செய்தி எனக்குரியது என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் குரல் எனக்குரியதல்ல. அவள் அதைத் தம்பிக்குக் கொடுத்தாள்.

இன்னொன்றும் தோன்றியது. அவர்கள் என் நன்மைக்காக ஒன்றை மறைத்தார்கள். நானும் அவர்கள் நிம்மதிக்காக வேலை போனதை மறைத்தேன். மனைவி என் ரகசியத்தைத் தங்கையிடம் உடைத்தாள், அதுவும் அக்கறையில்தான். எல்லோரும் அன்பினால் தவறு செய்கிற இந்த வீட்டில் என் தவறு மட்டும் என்ன பெரிது? இதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மூன்று நாள் ஆயிற்று. மறைத்தவர்கள் எல்லோரும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்ற நிலையில் இருந்தார்கள். மற்றவர் கேட்டால் மாட்டிக்கொள்ளும் நிலையிலும் இருந்தார்கள். நான் மட்டும் மாட்டிக்கொள்ளவே முடியாத இடத்தில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையை அழைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முதலில் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி: “இப்ப நாம பேசுறதும் அங்க வருமாண்ணே?” வரும், பதிவாகிறதே, என்றேன். எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். நிறுத்தின பிறகுதான் கோபப்பட்டாள். “அம்மா விழுந்தத நீ தெரிஞ்சுக்கிட்டது பரவால்ல. அது எப்படியும் தெரிய வேண்டியதுதான். நான் யார்கிட்ட அழுதேன்னு உனக்கு எதுக்குண்ணே தெரியணும்?” பதில் இல்லை. “எல்லாத்தையும் அழிச்சிடு” என்றாள். பிறகு வேலை கிடைத்ததா என்று கேட்டாள். அடுத்த மாதம் ஒன்று தொடங்குகிறது என்றேன். “அதையாச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்று வைத்துவிட்டாள்.

அழிப்பது என்று சொல்வது சுலபம். நான் கட்டியிருந்தது எதையும் தொலைக்காமல் இருப்பதற்கான அமைப்பு. ஒருவர் கைதவறி அழித்தாலும் ஆறு மாதம் பின்னோக்கிப் போய் மீட்டெடுக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. இப்போது அதே பெருமையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எஸ்எஸ்டியிலிருந்து அழித்தேன். மறுபடி மாட்டிய டிஸ்க்கில், ஒவ்வொரு தேதியின் பிரதியையும் அந்தக் கோப்புறை இல்லாமல் திருத்தி எழுதச் செய்து, பிறகு எந்தப் பிரதிக்கும் வேண்டாததாகிவிட்ட துண்டுகளை நீக்கச் செய்தேன். ஐந்து வாட் இயந்திரத்துக்கு அது ஓர் இரவு முழுக்க வேலை. எஸ்740 தன் வாழ்நாளில் முதல் முறையாகத் தொட்டால் சுட்டது.

மூன்றாவது பிரதி வேறு வீட்டில் இருந்தது. எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், 1980-களில் இங்கே வந்தவர். மாதம் ஒருமுறை அவரிடம் ஒரு டிஸ்க்கை வாங்கி, புதுப்பித்துத் திருப்பிக் கொடுப்பேன். பிஸ்கட் டின்னில் போட்டு, மேல்தட்டில் வைத்திருப்பார். அன்று போய் விஷயத்தை மேலோட்டமாகச் சொல்லி டிஸ்க்கைக் கேட்டேன். இதில் என்ன இருக்கிறதென்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே என்றும் கேட்டேன். “அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு நான் ஏன் தம்பி கேப்பன்? வைச்சிருங்கோ எண்டு தந்தனீங்கள், வைச்சிருக்கிறன்” என்றார். பிறகு, தான் ஊரைவிட்டு வரும்போது பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்த ஒரு தகரப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். கலியாண ஆல்பமும் காணி உறுதியும். அந்த வீடும் பிறகு இல்லை, அந்தச் சனமும் இல்லை. திறந்து பார்த்திருப்பார்களோ என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லையாம். பத்திரமாய் இருந்திருக்கக் கூடாதா என்பதைத்தான் யோசித்தாராம்.

அடைக்கலம் என்ற சொல் திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது. சிலப்பதிகாரத்தில் அந்தப் பெயரில் ஒரு காதையே இருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கிறார். பின்னால் நடந்ததில் மாதரியின் பிழை ஏதும் இல்லை. கோவலனைக் கொன்றது அரசு. ஆனாலும் தன்னிடம் ஒப்படைத்ததைக் காக்க முடியவில்லை என்று அவள் தீயில் விழுந்து இறக்கிறாள். பள்ளியில் படித்தபோது மிகையாகத் தெரிந்தது. இப்போதும் அப்படித்தான் தெரிகிறது. நான் கவனிப்பது ஒரு சின்ன விஷயத்தை. ஒப்படைக்கப்பட்ட பொருள் தனக்கு எந்த உரிமையையும் தருவதாக அவளுக்குத் தோன்றுவதே இல்லை. நானோ, இயந்திரம் என்னுடையது, மின்கட்டணம் நான் கட்டுகிறேன், இடம் என் அலமாரி என்பதால், உள்ளே இருப்பதும் ஏதோ ஒரு விதத்தில் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் நிலத்துக்கு வேலி போட்டவர் அறங்காவலரா உரிமையாளரா என்ற வழக்குகள் நம் ஊர் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் உண்மையான சிக்கல். தொழில்நுட்பம் ஒரு வழி தருகிறது. கைபேசியிலேயே பூட்டி அனுப்பலாம். சிங்க்திங் போன்ற நிரல்களில் சர்வரை ‘நம்பத்தகாதது’ என்று குறித்துவிட்டால், அதற்கு வந்து சேருவது பொருளற்ற எழுத்துக் குவியல்தான். கோப்பின் பெயர்கூடத் தெரியாது. சாவி அனுப்புகிறவரிடம் மட்டும். நான் நல்லவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். இவ்வளவு நாளும் அதைச் செய்யாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன்: அம்மா கடவுச்சொல்லை மறந்தால்? தங்கையின் கைபேசி பேருந்தில் தொலைந்து, சாவியை எழுதி வைத்த காகிதமும் தொலைந்தால்? அப்போது என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவின் கடைசிப் படங்கள் என் அலமாரியில் இருக்கும். யாராலும் பார்க்க முடியாது. காப்பாற்றும் சக்தியும் எட்டிப் பார்க்கும் சக்தியும் ஒரே சாவி. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியை நான் தேடிப் பார்த்தேன். சாவியைத் துண்டாக்கி மூன்று பேரிடம் பிரித்துக் கொடுக்கலாம். அதுவும் கடைசியில் யாரோ மூன்று பேரை நம்புவதுதான்.

எனவே ஒவ்வொருவரையும் கேட்டேன். இதையும் முன்னமே செய்திருக்க வேண்டும். நன்மை என்று நானே முடிவுகட்டி ஏழு கைபேசிகளில் நிரலை ஏற்றிய நாளில், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மகளுக்குப் பதினாறு. நடந்ததைச் சொன்னதும், “அப்பா, என்னோடதையும் பார்த்தீங்களா?” என்றாள். இல்லை என்றேன். உண்மை. ஆனால் அது உண்மை என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. பதிவேட்டைக் காட்டலாம் என்று வாயெடுத்தேன். அதை நான் மாற்ற முடியும் என்பது அவளுக்கும் தெரியும், பள்ளியில் கணினி படிக்கிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, நம்புறேன். ஆனா சாவி என்கிட்ட இருக்கட்டும்” என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது முரணாகத் தெரிவதில்லை. எனக்கு அந்த ‘ஆனா’ கொஞ்ச நாள் வலித்தது.

தம்பி, “உன் இஷ்டம்ணே” என்றான். அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வான். ஆகவே அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி கேட்டேன். சலித்துக்கொண்டு தனிச் சாவி என்றான்.

அம்மாவிடம் வீடியோவில் விளக்கினேன். மணிக்கட்டு சரியாகிவிட்டது, கட்டுப் பிரித்த இடத்தில் தோல் இன்னும் வெளுத்திருந்தது. பெட்டி, பூட்டு, சாவி என்று ஒரு கதையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “உனக்குத் தெரியாத சாவி எனக்கு எதுக்குடா? நான் எங்கயாவது வச்சுட்டுத் தேடணும். நீயே வச்சுக்க” என்றார். நான் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியும் அம்மா, என்றேன். “பாரேன். கோயில் படமும் கத்திரிக்கா படமும்தான் இருக்கும்” என்றார். சற்றுத் தள்ளி நின்றிருந்த தங்கை, அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மாவின் கைபேசியில் வேறென்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. பார்க்கவும் இல்லை. இதையும் நீங்கள் என் வார்த்தையை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தங்கைக்கு நானே சாவி அமைத்துத் தரவில்லை. எப்படிச் செய்வது என்று மட்டும் படிப்படியாக எழுதி அனுப்பினேன். அவள் மகன் உட்கார்ந்து செய்து கொடுத்தான். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டு இருக்கும் உறையில் வைத்திருப்பதாகச் சொன்னாள். அதைச் சொல்லாதே, எங்கே வைத்திருக்கிறாய் என்றும் சொல்லாதே என்றேன். சிரித்தாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு முதல் சிரிப்பு அது.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு காலை, டிஸ்க்கின் கம்பி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு உள்ளே போய் அளவுகளை மட்டும் பார்க்கிறேன். தங்கையின் பங்கில், அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களுமாகக் கோப்புறைகள். போன வாரம் 41 மெகாபைட் கூடியிருந்தது. மருமகனின் பள்ளி ஆண்டு விழாவாக இருக்கலாம். மின்கருவி 5 வாட் என்றது. அலமாரியைச் சாத்திவிட்டு, தமிழ்ப் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.